ஞாயிறு மாலை நான்கு மணி: டோரிக்குள் இரண்டு டோரி

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்று பாருங்கள். பால் வாங்க அரக்கப்பரக்க ஓடிவரும் ஆளைக் காவலாளி தலையாட்டித் திருப்பி அனுப்புவார். தெருமுனைச் சின்னக் கடையோ இரவு வரை திறந்திருக்கும். 280 சதுர மீட்டரைத் தாண்டிய கடை என்றால், ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையில் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம்தான் வியாபாரம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கொண்டுவந்தது கன்சர்வேட்டிவ் கட்சி அரசு. டோரிகள் என்பது அந்தக் கட்சிக்காரர்களுக்கு வழங்கும் பெயர்.

சுதந்திர வணிகம் என்று மேடைதோறும் முழங்கும் கட்சி, அடுத்தவன் கடைக்கு எத்தனை மணிக்குப் பூட்டு போட வேண்டும் என்று சட்டம் எழுதியது எப்படி? அந்தக் கட்சிக்குள் நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் குடித்தனம் நடத்துகின்றன என்பதுதான் பதில். வசதிக்காக ஒன்றைச் சுதந்திர அணி என்றும் மற்றதைச் சமூக அணி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் தங்களைத்தான் அசல் டோரி என்கின்றன.

சுதந்திர அணியின் குரு பொருளாதார அறிஞர் ஹாயெக். அரசு விலகி நின்றால் மனிதர்கள் தாமாகவே ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். சமூக அணியின் குரு பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல்வாதி எட்மண்ட் பர்க். மனிதன் முதலில் பாசம் வைப்பது தன்னைச் சுற்றியுள்ள சின்னக் கூட்டத்தின் மேல். நாட்டுப்பற்று அங்கிருந்துதான் முளைக்கிறது என்றார். இதில் ஒரு வேடிக்கை: பர்க் அந்நாளில் டோரிகளுக்குப் போட்டியாக இருந்த விக் கட்சிக்காரர்; ஹாயெக்கோ தான் ஏன் பழமைவாதி இல்லை என்று தனிக் கட்டுரையே எழுதியவர். இரண்டு குருமாரும் வெளியூர்க்காரர்கள்.

இரு அணிகளின் சண்டையும் ஒரு வாக்கியத்தைச் சுற்றியே நடந்துவருகிறது. 1987இல் ஒரு பெண்கள் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், சமூகம் என்று ஒன்று கிடையாது, தனி ஆண்களும் பெண்களும் குடும்பங்களும்தான் உண்டு என்றார் அன்றைய டோரிப் பிரதமர் தாட்சர். நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு அண்டை வீட்டாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே பேட்டியில் அவர் சொன்னதை எதிரிகள் வசதியாக மறந்துவிட்டார்கள். 2005இல் கட்சித் தலைமைக்கு வந்த கேமரன், சமூகம் உண்டு, ஆனால் அதுவும் அரசும் ஒன்றில்லை என்று பூசி மெழுகினார். 2020 மார்ச்சில், கொரோனா பிடித்துத் தனிமையில் கிடந்த பிரதமர் போரிஸ் ஜான்சன், சமூகம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்று வீடியோவில் அறிவித்தார். தாட்சருக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு வைரஸ் தேவைப்பட்டது.

யாருடைய ஞாயிறு?

இரு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1950ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் எதை ஞாயிறன்று விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று பட்டியல் போட்டிருந்தது. கவர்ச்சிப் படப் பத்திரிகை விற்கலாம், பைபிள் விற்கக்கூடாது என்று அதைக் கேலி செய்வார்கள். தாட்சர் அரசு 1986இல் எல்லாக் கட்டுப்பாட்டையும் தூக்கிவிட ஒரு மசோதா கொண்டுவந்தது. 144 இடப் பெரும்பான்மை கொண்ட அரசு அது. ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 296க்கு 282 என்று தோற்றது. சொந்தக் கட்சியிலேயே 72 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். தாட்சரின் ஆட்சிக்காலத்தில் ஒரு மசோதா அடியோடு மண்ணைக் கவ்வியது அந்த ஒருமுறைதான். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை முந்தைய ஆண்டுதான் மண்டியிட வைத்திருந்தவரை மாதா கோயில்களும் கடைப் பணியாளர் சங்கமும் கைகோத்துத் தோற்கடித்தன.

சுதந்திர அணியின் கேள்வி எளிமையானது: வாங்குபவருக்கும் சம்மதம், விற்பவருக்கும் சம்மதம், நடுவில் அரசுக்கு என்ன வேலை? சமூக அணி மூன்றாவது ஆளைக் கைகாட்டியது. கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு ஞாயிறு கிடைக்குமா? அவளுக்கு மட்டும் புதன்கிழமை விடுமுறை கொடுத்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு அவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுவாள்? எல்லோருக்கும் ஒரே நாளில் வரும் ஓய்வுக்கும், ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுக்கும் ஓய்வுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னதைச் சந்தை தானாக உருவாக்கித் தராது.

1993 டிசம்பரில் எம்.பி.க்கள் முன்னால் பல வழிகள் வைக்கப்பட்டன: முழுச் சுதந்திரம், ஏறக்குறைய முழுப் பூட்டு, நடுவில் ஓர் ஆறு மணி நேரம். நடுவழி வென்றது. அதை மாற்ற 2016 மார்ச்சில் கேமரன் அரசு முயன்றது, உள்ளூராட்சி மன்றங்களே நேரத்தை முடிவு செய்யட்டும் என்று. 317க்கு 286 எனத் தோல்வி. இம்முறை 27 டோரிகள் எதிர்த்தார்கள். ஞாயிறு கட்டுப்பாடே இல்லாத ஸ்காட்லாந்தின் தேசியக் கட்சி, தங்கள் ஊர்ப் பணியாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் சம்பளம் அடிபடும் என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தது.

லண்டனில் ஈழத் தமிழர்கள் ‘ஓஃப் லைசன்ஸ்’ என்று சொல்லும், மதுவும் விற்கும் கடைகள் எத்தனையோ இந்த 280 சதுர மீட்டர் கோட்டுக்குள் அடங்கியவை. பெரிய கடை கதவடைத்த பிறகான அந்த ஞாயிறு மாலைதான் அவற்றுக்கு நல்ல வியாபார நேரம். ஆக, பெரியவனின் சுதந்திரத்தில் ஒரு பிடி குறைத்தது சின்னவனுக்கு மூச்சுவிட இடம் தந்தது. அதே கடைக்காரரின் குடும்பத்துக்கு அந்த ஞாயிறு கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். சமூக அணி அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனாலும் இந்த வழக்கில் என் தீர்ப்பு அவர்கள் பக்கமே.

சிகரெட்

2023 அக்டோபரில் மான்செஸ்டர் கட்சி மாநாட்டில் பிரதமர் ரிஷி சுனக் ஒரு குண்டைப் போட்டார். 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்த எவருக்கும் வாழ்நாள் முழுவதும் சிகரெட் விற்கக்கூடாது. 2024 ஏப்ரல் 16 அன்று நடந்த இரண்டாம் வாசிப்பில், அதாவது மசோதாவின் கொள்கை மீதான முதல் வாக்கெடுப்பில், 383க்கு 67 என்று அது தேறியது. எதிர்த்த 67 பேரில் 57 பேர் பிரதமரின் சொந்தக் கட்சிக்காரர்கள். வணிக அமைச்சராக இருந்த கெமி பேடனாக்கும் அதில் ஒருவர். பின்னாளில் அவரே கட்சித் தலைவரானார்.

சுனக் தரப்பின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பதின்ம வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம் நாற்பது வயதில் விட மாட்டேன் என்கிறது. அந்த நாற்பது வயதுக்காரரின் ‘தேர்வு’ எந்த அளவுக்குத் தேர்வு? எதிர்த் தரப்பின் வாதம் கூர்மையானது: சட்டத்தின் முன் வயதுவந்த எல்லோரும் சமம் என்பதை இது உடைக்கிறது. 2040இல் 31 வயதுக்காரர் இருவர் கடைக்கு வருவார்கள். 2008 டிசம்பர் 31இல் பிறந்தவருக்குச் சிகரெட் உண்டு, மறுநாள் பிறந்தவருக்கு இல்லை. தாடி நரைக்கத் தொடங்கிய ஆளிடம் பிறந்த தேதியைக் கேட்க வேண்டியவர் யார்? மறுபடியும் அதே தெருமுனைக் கடைக்காரர்தான்.

புகையிலை கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குடிமக்களைப் பிறந்த தேதியால் நிரந்தரமாக இரண்டு சாதியாகப் பிரிப்பது வயது வரம்பு வைப்பதைப் போன்றதில்லை. இங்கே சுதந்திர அணிக்கு என் வாக்கு. தேர்தல் வந்ததில் மசோதா காலாவதியானது. 2024 நவம்பரில் லேபர் அரசு அதைத் தூசி தட்டி எடுத்துவந்தது.

அட்டையும் தெருவும்

அடையாள அட்டை விவகாரத்தில் டோரிகள் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அடையாள அட்டையை 1950இல் லண்டன் ஃபின்ச்லியில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம் காட்ட மறுத்தார் கிளாரன்ஸ் வில்காக் என்பவர். வழக்கு நீதிமன்றம் போனது. 1952இல் சர்ச்சிலின் டோரி அரசு அட்டையையே ஒழித்தது. லேபர் கட்சியின் பிளேர் அரசு 2006இல் மீண்டும் சட்டம் போட, கேமரனின் கூட்டணி அரசு 2010இல் ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் லேபர் பிரதமர் ஸ்டார்மர் டிஜிட்டல் அட்டையை அறிவித்ததும் பேடனாக் எதிர்த்தார். நேர்கோடு போலத் தெரிகிறதா? 2004இல் கட்சித் தலைவர் மைக்கேல் ஹோவர்ட் பிளேரின் மசோதாவை ஆதரித்தவர். 2022இல் வாக்களிக்கப் புகைப்பட அடையாளம் கட்டாயம் என்று சட்டம் போட்டதும் டோரி அரசுதான்.

இந்தக் கட்சியில் கொள்கைக்காகப் பதவியைப் பணயம் வைத்தவர் என்றால் டேவிட் டேவிஸ். பயங்கரவாதச் சந்தேக நபரைக் குற்றச்சாட்டில்லாமல் 42 நாள் அடைத்துவைக்கலாம் என்று 2008 ஜூனில் மக்களவை வாக்களித்த மறுநாளே எம்.பி. பதவியைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று திரும்பி வந்தார்.

மற்றவர்கள்? 2023 மே மாதத்தைப் பாருங்கள். 2ஆம் தேதி, போராட்டக்காரர்கள் தங்களை வேலியிலோ கம்பத்திலோ பூட்டிக்கொள்வதைக் குற்றமாக்கும் பொது ஒழுங்குச் சட்டம். 6ஆம் தேதி முடிசூட்டு விழாவில், முடியாட்சியை எதிர்க்கும் ‘ரிபப்ளிக்’ அமைப்பினர் ஆறு பேர் கைது. பதாகைகளைக் கட்டி வைத்திருந்த பட்டைகளைப் பூட்டிக்கொள்ளும் கருவி என்று போலீஸ் சந்தேகித்ததாம். பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். 11ஆம் தேதி, பல்கலைக்கழகங்களில் பேச்சுரிமையைக் காக்க ஒரு சட்டம். ஒன்பது நாள் இடைவெளியில், ஒரே அரசு. சுதந்திர அணி எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போதுதான் மிகச் சுதந்திரமாகப் பேசுகிறது.

பிரிந்து போனவர்கள்

2024 ஜூலை தேர்தலில் டோரிகள் 121 இடங்களுக்குச் சுருங்கினார்கள். நைஜல் ஃபராஜின் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி 14 சதவீத வாக்கோடு ஐந்து இடம் பிடித்தது. இவர் மூன்றாவது வகையா? எல்லையில் இரும்புக் கதவு, மதுக்கடையில் தாராளம். இரண்டு பாத்திரத்திலிருந்தும் வேண்டியதை அள்ளி ஒரே இலையில் போட்டிருக்கிறார். சமூக அணியின் முக்கியக் குரல்களில் ஒருவரான டேனி க்ரூகர் 2025 செப்டம்பரில் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

க்ரூகர் அதற்கு முன் நடத்திய பெரிய போராட்டம், தீராத நோயாளிகள் மருத்துவர் உதவியோடு உயிர்விட வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து. என் உயிர், என் முடிவு என்று அதை முன்னின்று ஆதரித்தவர்களில் இன்னொரு டோரி, கிட் மால்ட்ஹவுஸ். முதியவர்கள் தாங்கள் பாரம் என்று எண்ணிச் சாவைத் தேர்ந்தெடுக்கும் நிலை வரும் என்பது க்ரூகரின் பயம். கட்சி மாறினால் இந்தப் பிளவு தீருமா என்பதற்கு அந்த மசோதாவின் முதல் வாக்கெடுப்பே பதில் வைத்திருந்தது. 2024 நவம்பர் 29 அன்று ரிஃபார்ம் கட்சிக்கு அவையில் இருந்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். மூன்று பேர் ஆதரவு. ஃபராஜும் இன்னொருவரும் எதிர்ப்பு.