கார்புரேட்டர் மாருதி 800க்கான முழு வயரிங் கிட்: வீட்டிலேயே பொருத்திய பின் ஒரு மதிப்பீடு

பழைய மாருதி 800ஐ வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க முனைகிறவர்கள் டிங்கரிங், பெயின்டிங், இன்ஜின் வேலை ஆகியவற்றுக்கெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வயரிங்குக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால், முடித்துச் சாலையில் இறக்கிய வண்டி நடுவழியில் நின்றுபோவதற்கோ, அதைவிட மோசமாகப் புகையத் தொடங்குவதற்கோ காரணமாக இருப்பது பெரும்பாலும் இந்த விட்டுப்போன பகுதிதான். சென்னை ஜி.பி. சாலைக் கடைகளிலும் இணையத்திலும் ‘800 கார்புரேட்டர் மாடல் ஃபுல் வயரிங் கிட்’ என்ற பெயரில் விற்கப்படும் புதிய செட் ஒன்றை வாங்கி, முழுவதுமாகப் பிரித்துக் கிடந்த வண்டியில் நானே பொருத்தினேன். ஒரே மாதிரியான சரக்கைப் பல சிறு தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள் என்பதாலும், குறைகள் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதாலும், தயாரித்தவர் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை வழங்கியதில் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, 800 பல முறை மாறியிருக்கிறது. முதலில் வந்த எஸ்.எஸ்.80 உடலமைப்பு 1986இல் மாறியது. 2000ஆம் ஆண்டையொட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் என்ற அடிப்படை தொடர்ந்தாலும் வயரிங் அப்படித் தொடரவில்லை. எனவே கடையில் ‘800 கிட்’ என்று மட்டும் கேட்டால் போதாது. தயாரிப்பு ஆண்டு, ஏ.சி. உண்டா இல்லையா, ஃபியூஸ் பாக்ஸின் படம், ஸ்டியரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்சின் (விளக்கு, இன்டிகேட்டர் போன்றவற்றுக்கான கூட்டு சுவிட்ச்) கப்ளர், அதாவது கம்பிகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான், அதன் படம் ஆகிய நான்கையும் கடைக்காரரிடம் காட்டி, கிட்டில் உள்ள கப்ளருடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். டேப்பைப் பிரித்துவிட்ட கிட்டை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

பழைய வயரிங்கை வைத்துக்கொண்டே சமாளிக்க முடியாதா என்று கேட்பவர்கள், அதன் டேப்பை ரேடியேட்டர் அருகே ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்துப் பார்க்கட்டும். இன்ஜின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்த பி.வி.சி. உறை விரலால் வளைத்த மாத்திரத்தில் வெடித்து உதிரும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். கடற்கரைப் பகுதி வண்டியாக இருந்தால் கப்ளருக்குள் கம்பி முனையில் இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கும். போதாக்குறைக்கு, ஸ்டீரியோ, ஃபாக் லாம்ப், சென்ட்ரல் லாக்கிங் என்று ஒவ்வொரு உரிமையாளரும் சேர்த்த துணைக்கருவிகளுக்காக நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகள் டாஷ்போர்டுக்குப் பின்னால் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்வதற்கு ஆகும் உழைப்பில் புதிய வயரிங்கையே போட்டுவிடலாம். ஆகவே கிட் வாங்கும் முடிவு சரியானதே. வாங்கிய கிட்டை அப்படியே பொருத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். கிளைகளின் நீளமும் அவை பிரியும் இடங்களும் பழைய வயரிங்கோடு அனேகமாக அப்படியே பொருந்தின. பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே விரித்து அளந்தபோது, ஹெட்லைட், ஹாரன், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வைப்பர் மோட்டார் ஆகியவற்றுக்கான கிளைகள் அந்தந்த இடத்திலேயே இருந்தன. பின்பக்கம் செல்லும் நீண்ட பகுதி மட்டும் சற்றுக் கூடுதல் நீளம், அது தொல்லையில்லை. கப்ளர்கள் பழைய சுவிட்சுகளிலும் மீட்டர் போர்டிலும் ‘டக்’ என்ற ஒலியுடன் பூட்டிக்கொண்டன. கம்பியின் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளும் புறமும் செம்பாகவே இருந்தது. சந்தையில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் உலவுவதால், இந்தச் சோதனையை வாங்குகிறவர் எவரும் தவறவிடக் கூடாது. சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் கிட்டை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

குறை கம்பியின் தடிமனில் தொடங்குகிறது. வெளிப்பார்வைக்குப் புதிய கம்பி பழையதைப் போலவே தடித்திருந்தது. ஆனால் அந்தத் தடிமன் உறையினுடையது. ஹெட்லைட்டுக்குச் செல்லும் கம்பியின் உறையை உரித்து எண்ணினால் 0.2 மி.மீ. விட்டமுள்ள 24 இழைகள், அதாவது 0.75 சதுர மி.மீ. மட்டுமே. பழைய வயரிங்கில் அதே இடத்தில் 0.32 மி.மீ. விட்டமுள்ள 16 இழைகள் கொண்ட, ஏறக்குறைய 1.25 சதுர மி.மீ. கம்பி இருந்தது. இரண்டு 55 வாட் லோ பீம் பல்புகளும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. 0.75 கம்பியில் இந்த மின்னோட்டம் பாயும்போது ஒரு மீட்டருக்குச் சுமார் 0.2 வோல்ட் வீணாகிறது. பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய் மறுபடியும் முன்பக்கம் திரும்பும் தூரத்தைக் கணக்கிட்டால் இழப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் காட்டிய மீட்டர், பல்பின் கப்ளரில் 12.4தான் காட்டியது. பத்து சதவீத இழப்பு என்று இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையுடையது. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். 800இன் ஹெட்லைட் மங்கல் என்று குறைசொல்லி அதிக வாட் பல்பு மாட்டுகிறவர்கள் அந்த மெல்லிய கம்பியையும் சுவிட்சையும் இன்னும் சூடேற்றுகிறார்கள். சரியான வழி, ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைப்பதுதான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2 சதுர மி.மீ. கம்பியை ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து நேராகப் பல்புக்கும் கொண்டுசென்று, கிட்டில் வந்த ஹெட்லைட் கம்பியை 86ஆம் முனைக்குக் கொடுத்து, 85ஐ எர்த் செய்துவிட்டால் (பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த பாடித் தகட்டில் இணைத்துவிட்டால்), சுவிட்ச் வழியே போவது ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே. இதைச் செய்த பின் பல்பு முனையில் 13.5 வோல்ட் கிடைத்தது. பல்பை மாற்றவே இல்லை. ஆனால் வேறு வண்டி ஓட்டுவதுபோல் சாலை தெரிகிறது. ரேடியேட்டர் ஃபேன் கம்பியையும் இதேபோல் தடித்த கம்பியாக மாற்றினேன். அந்த ஃபேன் நின்றால் இந்தச் சிறு இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் தாங்காது.

அடுத்த குறை பின்களை அழுத்திப் பொருத்திய விதம். ஒரு பின்னில் இரண்டு ஜோடிக் காதுகள் உண்டு: முன் ஜோடி செம்பு இழைகளைக் கவ்வ வேண்டும், பின்பக்க ஜோடி உறையைக் கவ்வ வேண்டும். கிட்டின் பல பின்களில் முன் காதுகள் உறையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. வேறு சிலவற்றில் இழைகளில் பாதி வெளியே சிலிர்த்துக்கொண்டு நின்றன. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எல்லாம் எரியும். சுமை ஏறும்போதுதான் அந்த இடம் சூடாகிக் கப்ளர் உருகத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு கப்ளரிலிருந்தும் பின்களை வெளியே எடுத்து, கம்பியைப் பிடித்து அழுத்தமாக இழுத்துப் பார்ப்பது அவசியம். கையோடு வருவதை ராட்செட் வகை கிரிம்பிங் கருவியால் புதிய பின் போட்டு அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதியாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி நின்ற இடத்தில் கம்பி விறைத்துப்போவதால், அதிர்வு தாங்காமல் அந்த எல்லையிலேயே அது ஒடியும்.

வண்ணக் குறியீட்டிலும் எச்சரிக்கை தேவை. கறுப்பு எர்த், வெள்ளை பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், கறுப்பில் வெள்ளைக் கோடு இக்னிஷன் போட்டதும் வருவது என்ற முதன்மையான கம்பிகளில் கிட் பழைய முறையைப் பின்பற்றியிருக்கிறது. சிறு கிளைகளில் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் போகும் கம்பிகள் ஒரே நிறத்தில் இருந்தன. பழைய வயரிங்கைக் கழற்றும் முன்பே ஒவ்வொரு கப்ளரிலும் சீட்டு ஒட்டி, படம் எடுத்து, மல்டிமீட்டரால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சி பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் இது தலைவலியாகாது. கிட்டோடு வரைபடம் எதுவும் தருவதில்லை என்பதால் அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்கு வழிகாட்டி.

எர்த் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதுப்பித்த வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. பாடி முழுவதையும் சுரண்டி, பட்டி பூசி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்த பின், எர்த் லக் (கம்பி முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) உட்கார வேண்டிய இடமெல்லாம் மின்சாரம் கடத்தாத படலத்தால் மூடப்பட்டிருக்கும். அதன்மேல் போல்ட்டை முறுக்கினால் படலம் கீறிய சில இடங்களில் மட்டும் தொடர்பு கிடைக்கும்; அதனால் வரும் அறிகுறிகள் குழப்பமானவை. இடப்பக்க இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் இன்னொரு பல்பின் இழை வழியாகவோ மீட்டரின் எர்த் வழியாகவோ பாதை தேடிக்கொள்வதே இதற்குக் காரணம். இதைப் புரிந்துகொள்ளாமல் மீட்டரையும் சென்சாரையும் மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் பலர்.

கிட்டில் எர்த்துக்கு வந்த லக்குகள் மெல்லிய தகட்டில் செய்யப்பட்டவை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஈயம் பூசிய தடித்த செம்பு லக்குகளைப் போட்டேன். லக் அமரும் வட்டத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் தகடு தெரிந்ததும் நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் துருவும் ஏறாது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்றும், கியர்பாக்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு தடித்த கேபிள்கள் இருக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் நிற்பதால் தனி எர்த் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். அவை சூடாகி இறுகிப்போகும். பேட்டரி கேபிள்கள் எதுவும் இந்தக் கிட்டில் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும்.

கிட்டைச் சுற்றியிருந்த டேப்பையும் நான் நம்பவில்லை. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் பி.வி.சி. டேப் இன்ஜின் சூட்டில் பசை இளகி வழியும். டெசா நிறுவனத்தின் வாகன வயரிங் துணி டேப் விலை அதிகமானாலும் அதற்கு ஏற்ற பொருள். இன்ஜின் பகுதிக்கு 51036 என்ற எண்ணுடையதும், டாஷ்போர்டுக்குள் உராய்வு ஒலி வராமலிருக்க 51608 என்ற வெல்வெட் போன்ற மென்டேப்பும் பயன்படுத்தினேன். இரண்டும் எனக்கு முழு நிறைவளித்தன. இன்ஜினுக்கும் உட்பகுதிக்கும் இடையேயான தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் (கம்பி விளிம்பில் உராயாமல் காக்கும் வளையம்) புதிதாகப் போட வேண்டும். கிட்டில் வந்தது துளையைவிடச் சிறியது, அதை அப்படியே விட்டால் தகட்டின் கூர்விளிம்பு வெள்ளைக் கம்பியின் உறையை அறுக்கும். ஃபியூஸ் இல்லாத பகுதியில் அது நடந்தால் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில், கழற்றிய பழைய ஒரிஜினல் வயரிங் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதிகம் ஓடாத, விபத்தில் போன வண்டியிலிருந்து முழுதாக எடுத்ததாக இருந்தால், பின்களின் தரத்திலும் கம்பியின் தடிமனிலும் அது இந்தக் கிட்டைவிட மேல். ஆனால் பெரும்பாலும் அவசரத்தில் வெட்டி எடுத்த துண்டுகளே குவிந்திருக்கும். உறை இன்னும் வளைந்துகொடுக்கிறதா என்று பார்த்து, கப்ளர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வருவது பயனுள்ளது. நான் ஹெட்லைட் கப்ளர்களை அப்படித்தான் சேர்த்தேன்.

மொத்தத்தில், கிளைகளும் கப்ளர்களும் சரியாக அமைந்த ஒரு சட்டகம் என்ற அளவில் இந்தக் கிட் கேட்கும் விலைக்குத் தகும். ஹெட்லைட், ஃபேன், எர்த் ஆகிய மூன்றையும் மாற்றி, பின்களைத் திருத்தும் பொறுமையும் கருவியும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுத்து ஒரே நாளில் மாட்டச் சொல்ல எண்ணுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தி முடித்ததும் கடைசி டேப்பைச் சுற்றிவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன், வைப்பர், ப்ளோயர் எல்லாவற்றையும் அரை மணி நேரம் இயக்கிவிட்டு, ஒவ்வொரு கப்ளரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதன் பின்னைக் கழற்றித் திரும்ப அழுத்துங்கள். எதுவும் சுடாத நிலை வந்த பிறகு டேப் சுற்றலாம்.