வரைபடத்தை வைத்துக்கொண்டு ராமேசுவரம் தீவில் நடந்த மூன்றரை ஆண்டுகள்

ராமநாதபுரத்தில் குடியிருக்கும் நான், 2022 ஜூலை முதல் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது ராமேசுவரம் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் தனியே நடந்து வருகிறேன். வழிகாட்டி எவரையும் அமர்த்திக்கொள்வதில்லை. கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம், இடங்களைப் பற்றிச் சொல்லும் ஒலிக்குறிப்புச் செயலி, ஒரு சிறிய நோட்டு ஆகிய மூன்றுமே என் துணை. இத்தனை நாள் நடந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஊருக்குள் வரைபடம் போதும், கடலோரத்தில் எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில் நடக்கிறோம் என்பது தெரியாவிட்டால் வரைபடத்தால் பயனில்லை.

ஊருக்குள் நடக்க விரும்புவோர் அக்னி தீர்த்தக் கரையில் விடியுமுன் தொடங்கி, ரத வீதிகளைச் சுற்றி, அப்துல் கலாமின் வீடு இருக்கும் பள்ளிவாசல் தெரு வழியாக ஓலைக்குடா வரை செல்லலாம். வழி தவற இடமே இல்லை. ஆனால் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது என்பதால், ஒலிக்குறிப்பை வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது எனக்கு நன்மையாகவே முடிந்தது. காதில் எதுவும் பேசாதபோதுதான் மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசை தொலைவில் ஒடுங்கிப் போவதை நின்று பார்க்கத் தோன்றுகிறது. 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வருவோரின் ஈரத்தால் கல்தரை வழுக்கும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தனுஷ்கோடிதான் நான் அதிக முறை நடந்த வழி. பழைய ஊரிலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 2017-இல் தார்ச்சாலை வந்தபின் நடையில் சிரமம் இல்லை என்று நினைத்துத்தான், முதல் மாதத்திலேயே ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். வரைபடச் செயலி ஒரு மணி நேரம் என்று காட்டியது. போகும்போது அப்படியே ஆயிற்று. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகிலும் வலது தோளிலும் தள்ளிக்கொண்டு வந்ததை நான் உணரவில்லை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் மணலை வாரி இறைத்தது. ஒதுங்க ஒரு மரநிழல்கூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரும் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. பழைய ஊரை அடைய ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்றிலிருந்து ஆனி, ஆடி மாதங்களில் அரிச்சல்முனை வரை நடந்துவிட்டு, திரும்புவதற்குப் பேருந்தைத்தான் நம்புகிறேன். முனையில் மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால், செயலி நடைபாதை என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் சில மாதங்கள் அலைதான் அடிக்கிறது. அந்தக் கோட்டை நம்பி ஈர மணலில் இறங்க வேண்டாம்.

பழைய ஊரில், இடிந்த தேவாலயத்தின் சுவரருகே எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சுவரை ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். அது பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்டது. மூளையின் மடிப்புகளைப் போன்ற நெளிகோடுகள் கல்லில் இன்னும் தெளிவாக இருக்கின்றன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயலும் கடலும் பயணிகளோடு ஒரு ரயிலையே கொண்டுபோன ஊர் இது என்று ஒலிக்குறிப்பும் சொல்கிறது. அது சொல்லாத ஒன்றைத் தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தேன். முழங்கால் ஆழ மணற்குழி ஒன்றில் குனிந்து, சிரட்டையால் நீரை மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. இருபுறமும் கடல் இருக்க இது எப்படி இனிக்கிறது என்று கேட்டேன். "மேலாக்க அள்ளணும் தம்பி. ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிரும்" என்றார். மணலுக்குள் இறங்கிய மழைநீர், எடை கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதை அதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

காற்றைப் போலவே கடலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆயினும் ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசும்போது பெண் கடல்தான் கொந்தளிக்கிறது. தென்கரை அடங்கிக் கிடக்கிறது. ஆகவே மழைக்காலத்தில் தென்கரையையும் கச்சான் காலத்தில் வடகரையையும் தேர்ந்தெடுத்து நடக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் தனுஷ்கோடி உப்பங்கழியில் பூநாரைகள் நிற்கும்; 2025-இல் அப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாலையிலிருந்தே பார்ப்பது நல்லது. சேற்றில் இறங்கினால் பறவைகளும் கலையும், காலும் புதையும்.

பாம்பனில், 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று, 1914-ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்தையும் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தையும் ஒரே பார்வையில் கண்டிருக்கிறேன். பாலத்தின் நடுவே வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்போரால் நடப்பவருக்கு இடைஞ்சல் அதிகம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அங்கிருந்து குந்துகால் சென்றால், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய நினைவிடத்தின் திண்ணையில் உட்கார நிழலும் காற்றும் கிடைக்கும். எதிர்க்கரையில் கீழக்கரையும் தேவிபட்டினமும் நடந்து பார்க்கத் தக்கவையே என்றாலும், அரைநாளில் முடிந்துவிடும்.

எந்த வழிக்கும் தூரத்தைக் குறிப்பதை நான் இப்போது விட்டுவிட்டேன். நோட்டில் தனுஷ்கோடிக்கு நேராக இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ஆடி, காலை ஆறு மணி, கச்சான், மூன்று லிட்டர் தண்ணீர், திரும்பப் பேருந்து.