வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தால்: யூரோவா, ஹாங்காங் டாலரா?
யூரோ மண்டலத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்திடம் கடன்பத்திரம் வாங்கினால், அயலாரின் யூரோ வைப்பு உள்ளூர்க் கணக்குக்கு மாறுகிறது. அயலார் வைப்பு எம்3-இல் (யூரோ மண்டலத்தின் மொத்தப் பண அளவுக் கணக்கில்) சேராது, உள்ளூரார் வைப்பு சேரும், அதனால் எம்3 கூடுகிறது. மத்திய வங்கி இதில் தலையிடுவதே இல்லை. எனக்கு இதுதான் தேவலை, மாற்று விகிதம் ஆடினாலும் சரி.

ஹாங்காங்கில் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 7.75 முதல் 7.85 ஹாங்காங் டாலர் வரைதான். வெளிநாட்டுப் பணம் குவிந்து விகிதம் 7.75-ஐத் தொட்டால், அங்கே மத்திய வங்கி போலச் செயல்படும் நாணய ஆணையம் உள்ளூர் டாலரை விற்றே ஆகவேண்டும், வங்கிகளின் கையிருப்பே பெருகிவிடும். 2025 மே மாதம் சில நாட்களுக்குள் சுமார் 12,900 கோடி ஹாங்காங் டாலர் இப்படிச் சந்தைக்குள் வந்தது, வங்கிகளுக்கிடையிலான வட்டி சரிந்தது. அப்புறம் என்ன, மலிவாகக் கடன் வாங்கி அமெரிக்க டாலருக்குப் பாய்ந்தார்கள். ஜூனிலேயே விகிதம் 7.85-க்குப் போய், ஆணையம் உள்ளூர் டாலரைத் திரும்ப வாங்க ஆரம்பித்தது.