கட்ஆஃப் சொல்லாததை எப்படித் தெரிந்துகொள்வது?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியர் கைக்கு முதலில் வருவது பெயர்ப் பட்டியல். பெயருக்கு நேரே கட்ஆஃப் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி பொறியியல் இயற்பியலின் முதல் யூனிட்டே இயந்திரவியல்தான்: நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன், திருப்பு விசை என்று போகும். விசையும் முடுக்கமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. உண்மையிலேயே தெரியுமா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட நான்கைந்து வழிகள் உண்டு. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் கட்ஆஃபையே எடுத்துக்கொள்வோம். செலவே இல்லாத தகவல் என்பதால் பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50-50 ஆகச் சுருக்கி, மொத்தம் 200. கணிதத்தில் 100, இயற்பியலில் 70, வேதியியலில் 90 எடுத்தவருக்கு 180. கணிதத்தில் 80 எடுத்து மற்ற இரண்டிலும் 100 வாங்கியவருக்கும் அதே 180. நம் பாடத்துக்கு இவர்கள் இருவரும் ஒரே மாதிரி மாணவர்களே அல்ல. சரி, இயற்பியல் மதிப்பெண்ணைத் தனியாக வாங்கிப் பார்க்கலாமே என்றால், அங்கே இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. கட்ஆஃபில் சேர்வது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நிலைமின்னியலில் தொடங்கி ஒளியியல், அணுக்கரு, குறைக்கடத்தி என்று போகிறது. நியூட்டனின் விதிகளும் துகள்களின் அமைப்பும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பவை. அதாவது இயற்பியலில் 98 எடுத்த மாணவியின் அந்த 98-க்கும் நாம் நடத்தப்போகும் முதல் யூனிட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு, அல்லது நடத்தாமலே, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் மாணவர்களிடம் இந்த இடைவெளி கூடுமா குறையுமா என்று ஊகிப்பதைவிட, கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கேட்பதற்கு எளிய வழி கூகுள் ஃபார்ம். தலைப்புகளை வரிசையாகப் போட்டு, எதிரே ‘நன்றாகத் தெரியும்’, ‘கேள்விப்பட்டிருக்கிறேன்’, ‘தெரியாது’ என்று மூன்று கட்டங்கள். ஐந்து நிமிட வேலை, வரைபடம்கூட அதுவே போட்டுக் கொடுத்துவிடும். அந்த வண்ண வரைபடத்தை நான் நம்புவதில்லை. ‘நியூட்டனின் மூன்றாம் விதி’ என்றால் எல்லோரும் நன்றாகத் தெரியும் என்றுதான் போடுவார்கள். வரி பிசகாமல் சொல்லவும் செய்வார்கள். உண்மையில் ஓரளவு புரிந்தவர்தான் தயங்கி நடுக்கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார். மிகைப்படுத்துபவர்களைக் கண்டுபிடிக்க உளவியலாளர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள்: பட்டியலின் நடுவே இல்லாத ஒரு தேற்றத்தின் பெயரையும் சேர்த்துவிடுவது. அதற்கும் ‘நன்றாகத் தெரியும்’ என்று எத்தனை பேர் போட்டார்கள் என்பதை வைத்து மீதிப் பதில்களை எடைபோடலாம். வேடிக்கையாக இருக்கும், ஆனால் முதல் வாரத்திலேயே பிள்ளைகளை மடக்கிய ஆசிரியர் என்ற பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஃபார்ம் எதற்கு உதவும் என்றால், அறிவைப் பற்றிக் கேட்காமல் அனுபவத்தைப் பற்றிக் கேட்பதற்கு. பதினோராம் வகுப்பு இயற்பியலை உங்கள் பள்ளியில் முழுதாக நடத்தினார்களா? வெர்னியர் அளவியை நீங்களே கையில் பிடித்து அளந்தீர்களா, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? பள்ளியில் படித்தது தமிழ்வழியா? இவற்றுக்குப் பொய் சொல்ல யாருக்கும் காரணமில்லை. ஃபார்மை வகுப்பிலேயே நிரப்பச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஒரே பதில் அறுபது முறை திரும்பி வரும்.

அடுத்தது உலகம் முழுக்கப் பெயர்பெற்ற விசைக் கருத்துத் தேர்வு (Force Concept Inventory). அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டினிஸும், அவரோடு மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் இருவரும் 1992-இல் வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், அரை மணி நேரம். கணக்கே கிடையாது. தவறான விடைகளை ஏதோ இட்டு நிரப்பவில்லை; மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் தவறுகளே அங்கே விடைகளாக நிற்கின்றன. அதனால்தான் சூத்திரம் தெரிந்தவரும் இதில் வழுக்குகிறார். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இதன் முன்னோடியான ஒரு தேர்வைத் தன் வகுப்பில் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டது இயற்பியல் ஆசிரியர்களிடையே பிரபலம். மசூர் தன் பாட முறையையே மாற்றிக்கொள்ள அந்தத் தேர்வு ஒரு காரணம்.

இதன் பலம் தொடக்கத்திலும் முடிவிலும் இரு முறை வைக்கும்போதுதான் வெளிப்படும். அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 வகுப்புகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்தார். மாணவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். முதல் தேர்வில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைப் பருவ முடிவில் கற்றிருந்தார்கள் என்று பார்த்தால், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்களை விவாதிக்க வைத்த வகுப்புகளில் 0.48. தொடக்கத் தேர்வு இல்லாவிட்டால் இப்படியொரு ஒப்பீட்டுக்கே வழியில்லை.

முதல் வாரத்துக்கு மட்டும் என்றால் என் ஆர்வம் குறைகிறது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 6 கேள்வி சரியாகிவிடும், ஆகவே 8 வாங்கியவரைப் பற்றி எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 60 சதவீதத்தை, அதாவது 18 சரியான விடைகளை, நியூட்டனிய சிந்தனைக்குள் நுழையும் வாசலாக அதை உருவாக்கியவர்கள் வைத்தார்கள். நம் வகுப்பில் பெரும்பாலோர் அதற்குக் கீழே இருந்தால், இருக்கிறார்கள் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. இன்னொன்று, கேள்விகள் எல்லாம் ஆங்கில உரைநடை. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர் தடுமாறுவது இயற்பியலிலா வாசிப்பிலா என்று மதிப்பெண் பிரித்துக் காட்டாது. கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மறக்கக் கூடாது. ஒரு செல்போன் படம் போதும், அடுத்த வருடத்துக்கு அது செத்த தேர்வு.

என் ஓட்டு, மிகச் சாதாரணமான ஒன்றுக்கு: வெள்ளைத்தாளில் இரண்டு கேள்வி, விளக்கத்தோடு எழுதச் சொல்வது. முதல் கேள்வி பழையது. ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டுகிறோம். கையை விட்டபின் மேலே போகும்போது, உச்சியில், கீழே வரும்போது, மூன்று இடங்களிலும் அதன்மீது என்னென்ன விசைகள்? அம்புக்குறி போடு, காரணம் எழுது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளெமென்ட் 1982-இல் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு எழுதிய கேள்வி இது. அங்கே வந்த பதில்தான் இங்கேயும் வரும்: மேலே போகும்போது கை கொடுத்த விசை அதனுள் இருக்கிறது, அது குறைந்துகொண்டே போய் உச்சியில் புவியீர்ப்புக்குச் சமமாகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால் மூன்று இடத்திலும் கீழ்நோக்கிய எடை மட்டும்தான். இரண்டாவது, சரக்கு லாரியும் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? இரண்டும் சமம்தான். மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் ‘லாரிதான்’ என்று எழுதுகிறார்கள் என்று அங்கே தெரியும்.

தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் வேண்டும், மதிப்பெண் வேண்டாம், இன்டர்னலுக்குப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். அறுபது தாளைத் திருத்த உட்கார்ந்தால் இரவு போய்விடும். திருத்தாமல் அடுக்குகளாகப் பிரித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். நாணயத்துக்கு மேல்நோக்கி அம்பு போட்ட முப்பது பேரும் ஒரே அடுக்கில்லை. சிலர் அசைகிற பொருளைத் தள்ள ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நம்புகிறார்கள். சிலர் உந்தத்தைத்தான் விசை என்று குறிப்பிடுகிறார்கள். இவர்களுக்கு உள்ளே இருக்கும் எண்ணம் பெரிதாகத் தப்பில்லை. முதல் கூட்டத்துக்கு உராய்வில்லாத பரப்பில் தொடங்கி ஒரு வகுப்பே தேவை. இரண்டாவது கூட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். கொள்குறித் தேர்வில் இந்த இரண்டு பேருக்கும் ஒரே விடைதான், ஒரே பூஜ்யம்தான்.

நேரில் பேசுவது இதைவிட ஆழம். ஆனால் முதல் வாரத்தில் ஆசிரியர் முன்னால் நிற்கும் மாணவர் சொல்வது தான் நினைப்பதை அல்ல, சார் எதிர்பார்ப்பதை. ஆகவே எல்லோரையும் கூப்பிட்டு வைவா நடத்துவது வீண். தாள்களைப் பிரித்தபின், அடுக்குக்கு ஒருவராக, ஆய்வகத்தில் கருவிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேசிப் பாருங்கள். கருத்துகளைக் கோடு போட்டு இணைத்து வரையும் கருத்து வரைபடம் என்று ஒன்றும் உண்டு, கார்னெலில் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கியது. வரையக் கற்றுக்கொடுக்கவே ஒரு வகுப்பு போய்விடும். பருவத்தின் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

துறையில் என்பிஏ (தரச்சான்று வாரியம்) கோப்புக்கு எண் கேட்கிறார்கள் என்றால் விசைக் கருத்துத் தேர்வை இரு முறை வையுங்கள். அடுத்த வாரம் எதை நடத்துவது என்பதே கேள்வி என்றால் நாணயமும் லாரியும் போதும். நடைமுறையில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. பல கல்லூரிகளில், பள்ளிப் பாடத்தின் இடைவெளியை நிரப்ப முதலில் நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸின் அட்டவணை சேர்க்கைக்கு முன்பே அச்சாகிவிடுகிறது: திசையன், வகையிடல், நியூட்டனின் விதிகள், எல்லோருக்கும் ஒன்றாக. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் மதிப்பிட்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அதற்கேற்ற பயிற்சியைக் கொடுத்தது. பதினெட்டு வயதுக்காரர்களுக்கு நாம் அதைச் செய்வதில்லை. அட்டவணையில் கடைசி மூன்று நாளைக் காலியாக விட்டுவைத்தால்கூடப் போதும். அடுக்குகளைப் பார்த்தபின் அதில் என்ன போடுவது என்று முடிவு செய்யலாம்.