நம்பர்ப் பேடா, கைச்சக்கரமா, கம்பியில்லாப் பெட்டியா? சிறு சிஎன்சிக்கு வீட்டிலேயே செய்யும் பெண்டன்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ரப்பர் மரத்தில் பெயர்ப்பலகை வெட்டும் ரௌட்டரை, அதாவது கணினி சொல்படி ஓடும் சிறு சிஎன்சி எந்திரத்தை, எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பலகைக்கும் பிட்டின் (வெட்டும் அலகின்) நுனியைப் பலகையின் மேல்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். 80 கிராம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிப்பு. அது இலேசாகப் பிடிக்கும் இடத்தில் மேலும் கீழும் நகரும் இசட் அச்சு நிற்க வேண்டும். கண் பிட்டின் மேலும் கை மவுஸின் மேலும் இருந்தால் இது சரிவராது. அதற்குத்தான் பெண்டன்ட், எந்திரத்தருகே நின்று அச்சுகளை நகர்த்தும் கைக்கருவி. கையை எடுத்ததும் எந்திரம் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே மூன்று வழிகளையும் எடைபோட வேண்டும்.

மலிவானது யூஎஸ்பி நம்பர்ப் பேட். கணினியில் செருகி, எந்திரத்துக்கு ஜி-கோட் கட்டளைகளை அனுப்பும் மென்பொருளில் விசைகளுக்கு அச்சுகளைக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் விசையை அழுத்தியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு இன்னொரு செய்தி. பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சலில் யூஎஸ்பி ஒரு நொடி அறுந்தால் இரண்டாவது செய்தி போய்ச் சேராமல், அச்சு ஓடிக்கொண்டே இருக்கலாம். வேறு ஜன்னல் முன்னால் இருந்தால் விசை அங்கே போய்விடும். ஆகவே தொடர் ஓட்டத்துக்கு இதை வைக்காதீர்கள். ஓர் அழுத்தத்துக்கு 0.1 மி.மீ. என்ற படிநிலையில் மட்டும் வையுங்கள்.

எங்கள் தேர்வு கம்பியுள்ள கைச்சக்கரம். 60 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 100 சொடுக்கு, 5 வோல்ட், 0 வோல்ட், சொடுக்கைச் சொல்லும் ஏ, பி என நான்கு முனைகள் உள்ளதை வாங்குங்கள். ஆறு முனை உள்ளது வந்தால் மீதி இரண்டையும் இணைக்காமல் விடலாம். சுற்றுக்கு 20 சொடுக்கு உள்ள சிறிய ரோட்டரி என்கோடர் சில வெள்ளிக்கே கிடைக்கும். ஆனால் அதன் உலோகத் தொடுமுனை துள்ளும்; நம் ஊர் ஈரத்தில் களிம்பும் பிடிக்கும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் ஏ, பி இரண்டிலும் 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கட்டாயம்.

ஏ, பி கம்பிகள் ஆர்டுயினோ நானோ என்ற சிறு போர்டின் டி2, டி3-க்குப் போகும். அது சொடுக்கை எண்ணி, நகர்வு வரிகளாக ஊனோ போர்டுக்கு அனுப்பும். ஆனால் எந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள அந்த ஊனோவின் ஆர்எக்ஸ் (பெறும்) முனையில் கணினியும் நானோவும் மோதிக்கொள்ளும். நானோ சும்மா இருக்கும்போதே அதன் டிஎக்ஸ் (அனுப்பும்) முனை உயர்நிலையில் நின்று கணினியின் பேச்சை அடைத்துவிடும். 1என்4148 டையோடு ஒன்றை, கோடுள்ள பக்கம் நானோவின் டிஎக்ஸ் நோக்கி இருக்கும்படி இடையில் போட்டால் தீர்ந்தது. நிரல் ஓடும்போது மட்டும் சக்கரத்தைத் தொடாதீர்கள், இரண்டு பேச்சும் கலந்துவிடும். கேபிள் ஷீல்டு (உலோகப் பின்னல் உறை) உள்ளதாக, 2 மீட்டருக்குள் இருக்கட்டும். ஷீல்டை எந்திரப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஜிஆர்பிஎல் வரிகளில் சரிபார்ப்பு எண் கிடையாது. இரைச்சலில் 0.1 என்பது 8.1 ஆனாலும் அது அப்படியே நகரும்.

200 படி மோட்டார், ஒரு படிக்கு 8 மைக்ரோ ஸ்டெப், சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்குரூ என்றால் மி.மீட்டருக்கு 200 படிகள், அதாவது ஒரு படி 0.005 மி.மீ. அதில் சொடுக்குக்கு 0.001 மி.மீ. என்ற தேர்வுக்குப் பொருளே இல்லை. 0.1, 0.01 இரண்டும் போதும்.

மென்பொருளாலும் பிட் உடையலாம். 0.1-இல் நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றினால் நிமிடத்துக்கு 1200 மி.மீ. கேட்கிறீர்கள். இசட்டின் உச்ச வேகம் 500 என்றால் மிச்சமெல்லாம் வரிசையில் தேங்கும். கை நின்ற பிறகும் பிட் இறங்கும். சொடுக்குக்கு ஒரு வரி அனுப்பாமல், 50 மில்லி நொடிக்கு ஒருமுறை சேர்த்து ஒரே ஜாக் (கையால் நகர்த்தும்) வரியாக அனுப்புங்கள். முந்தைய வரிக்கு ‘ஓகே’ வரும்வரை அடுத்ததை அனுப்பாதீர்கள். இதற்கு ஊனோவின் டிஎக்ஸிலிருந்து நானோவின் ஆர்எக்ஸுக்கு ஒரு கம்பி வேண்டும். சக்கரம் 100 மில்லி நொடி அசையாவிட்டால் ஜாக் ரத்து பைட்டை அனுப்புங்கள், பதினறும எண்ணில் 85. அதன்பின் சொடுக்கை எண்ணிப் பயனில்லை, திரையிலுள்ள எண்ணையே நம்புங்கள். 0.01-இல் அதே வேகத்துக்கு 120 மி.மீ.தான், எதுவும் தேங்காது, ரத்தும் வேண்டாம்.

ஜிஆர்பிஎல்லுக்குப் பதில், கணினியிலேயே ஓடும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு நானோவே தேவையில்லை. ஏ, பி நேராக பேரலல் போர்ட்டுக்குப் போகும். சொடுக்குக்கு நான்கு விளிம்பு, நொடிக்கு 800, அதாவது 1.25 மில்லி நொடிக்கு ஒன்று. 1 மில்லி நொடிக்கு ஒருமுறை ஓடும் சர்வோ திரெட்டில் படித்தால் கை கொஞ்சம் வேகமானாலே எண்ணிக்கை நழுவும், அதைவிட வேகமாக ஓடும் பேஸ் திரெட்டில் வையுங்கள்.

கம்பியில்லாப் பெட்டிக்கு அனுப்ப ஒன்று, பெற ஒன்று என இரண்டு இஎஸ்பி32 ரேடியோ போர்டுகள் வேண்டும். 5 வோல்ட் சக்கரத்தை 3.3 வோல்ட் முனையில் நேராகக் கொடுத்தால் சிப் போய்விடலாம். 10, 20 கிலோ ஓம் மின்னழுத்தப் பிரிப்பான் போடுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் மொத்த எண்ணிக்கையை அனுப்பினால் ஒன்று தவறினாலும் அடுத்தது சரிசெய்துவிடும். 200 மில்லி நொடி எதுவும் வராவிட்டால் பெறும் பக்கம் தானாக ரத்து அனுப்ப வேண்டும். பெரிய மேசைக்கு இது வசதி. 30 செ.மீ. எந்திரத்துக்கு பேட்டரி சார்ஜ் செய்யும் வேலைதான் மிச்சம்.

எதைக் கட்டினாலும் அவசர நிறுத்தப் பொத்தானை ரேடியோவிலோ யூஎஸ்பியிலோ விடாதீர்கள். சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடுமுனையை, 24 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டரோடு (மின்காந்த சுவிட்சோடு) தனிக் கம்பியில் இணையுங்கள். கையில் பிடிக்கும் கேபிளில் 240 வோல்ட் வரவே கூடாது. மோட்டார் டிரைவர், ஸ்பிண்டில் இரண்டின் மின்சாரத்தையும் காண்டாக்டர் வெட்ட வேண்டும். முடித்ததும் பிட் இல்லாமல் ஓடவிட்டு, அவசர நிறுத்தக் கம்பி ஓடும் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தக் கணமே எல்லாம் அணைய வேண்டும்.