ஏழு நாள் மாத்திரைப் பெட்டி: வியாழக்கிழமையைத் தவிர எல்லாம் சரி

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மருந்துக்கடையில் 7 வெள்ளி 90 காசுக்கு வாங்கியது. நீல பிளாஸ்டிக், மேலே காலை, கீழே இரவு என்று மொத்தம் 14 அறை. எட்டு மாதமாக என்னோடுதான் இருக்கிறது.

எனக்கு எச்ஐவி. 2016இல் தெரியவந்தபோது சிடி4 எண்ணிக்கை 180. நல்ல உடம்பில் 500க்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் அவை. நோய் வந்தால் மற்ற அணுக்களை வேலைக்கு விரட்டும் மேஸ்திரிகள். எச்ஐவி அந்த மேஸ்திரிகளையே பிடித்துத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் கட்டம். தினமும் மாத்திரை போடுவதால் இப்போது எனக்கு 640. பரிசோதனையில் கிருமி தென்படுவதே இல்லை, அப்படி இருக்கும்வரை மனைவிக்கும் என்னிடமிருந்து தொற்றாது.

கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை. இரவு வேலை முடிந்து வந்து படுத்தால், மாத்திரை போட்டோமா இல்லையா என்று குழம்பும். பாட்டிலைக் குலுக்கினால் பதிலா வரும்? பெட்டியில் அறை காலி என்றால் போட்டாச்சு. கொடுத்த காசு இதற்கே தகும். சில அணுக்களுக்குள் கிருமி தூங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அடிக்கடி தவறவிட்டால் எழுந்து பெருகும், அந்த மருந்துக்கே மசியாத வகையாகவும் மாறிவிடலாம்.

இரண்டு வரிசை எதற்கு என்று முதலில் நினைத்தேன். என் மருந்தில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. அதனால் கால்சியம் மேல் வரிசை, இது கீழ் வரிசை.

குறைகள்? ஈரக்காற்றை இந்தப் பெட்டி தடுக்காது. சில மாத்திரைகள் பாட்டிலிலேயே இருக்க வேண்டியவை, மருந்தாளரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எனக்கு ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் பெட்டிக்கு மாற்றினால் போதும் என்றார். அப்புறம், வியாழன் இரவு மூடி இரண்டாம் மாதமே தளர்ந்துவிட்டது. ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் மாத்திரை உருண்டு யாரோ ஒரு பாட்டியின் காலடியில் போய் நின்றது. இப்போது ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். மற்ற மூடிகள் திறந்தால் 'டக்'கென்று சத்தம்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டு, "என்ன அண்ணே, பிரஷரா?" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. "ஆமாப்பா" என்றேன். மறுவாரம் அவனும் ஒன்று வாங்கிவந்தான், சர்க்கரை மாத்திரைக்கு. அவனுடையதில் வியாழன் மூடி நன்றாகவே இருக்கிறது.