ஒரே சிப், இரண்டு உடம்பு: விசிறி வேண்டுமா, வேண்டாமா?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது சிப்பின் பெயரைத்தான். அந்தச் சிப் முழு வேகத்தில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சிப்பைவிட அது உட்கார்ந்திருக்கும் உடம்புதான்.

2020 நவம்பரில் ஆப்பிள் மேக்புக் ஏரையும் 13 அங்குல மேக்புக் ப்ரோவையும் சேர்த்தே வெளியிட்டது. இரண்டிலும் எம்1 சிப். ஏரில் விசிறி கிடையாது. ஓர் அலுமினியத் தகடுதான் சூட்டை வாங்கிப் பரப்புகிறது. ப்ரோவில் விசிறி உண்டு. மின்னஞ்சல், பிரவுசர், எழுத்து வேலை என்றால் எது எது என்றே தெரியாது. நீளமான வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்தால், முதல் சில நிமிடங்கள் இரண்டும் சரிசமமாக ஓடும். அப்புறம் ஏர் சூட்டைக் குறைக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ரோ அப்படியே போகும். ஆனால் ஏரில் சத்தமே இல்லை, உள்ளே தூசியை இழுக்க ஆளும் இல்லை. எழுதுகிறவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

தடிமனான லேப்டாப்களில் சூட்டைச் சுமப்பது செம்புக் குழாய். குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுத் துளி நீர் வைத்திருப்பார்கள். சிப் பக்கம் அது ஆவியாகி, விசிறி பக்கம் உள்ள மெல்லிய தகடுகளிடம் போய்க் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். இதற்கு இடம் வேண்டும். உடம்பை மெலியவைத்தால் குழாயைத் தட்டையாக்க வேண்டும், விசிறியைச் சிறிதாக்க வேண்டும். சிறிய விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழலும், கீச்சென்று கத்தும்.

அதனால்தான் மெல்லிய உடம்பில் பெரிய சிப்பை அடைத்த ரகத்தை நான் நம்புவதில்லை. அப்படி ஒன்றை நான்கு வருடம் வைத்திருந்தேன். காற்று நுழையும் துளைகள் அடிப்பக்கம், ரப்பர் கால்களோ ஒரு நாணயத் தடிமன். மெத்தைமேல் வைத்தால் மூச்சுத் திணறும். ஒருநாள் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தபோது முழுசாகவே கையோடு வந்தது. அன்று மாலையே விசிறியின் அலறல் நின்றது. அந்த இடத்தைத் திறக்காமல் துடைக்க வழியே வைக்காதது வடிவமைப்பின் குறைதான்.

வீடியோ, த்ரீடி, பெரிய கோட் கம்பைல் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) என்று மணிக்கணக்கில் ஓடும் வேலை உங்களுடையது என்றால் தடிமனானதையே எடுங்கள், எடை கூடினாலும் பரவாயில்லை. வாங்குமுன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்: துளைகள் எங்கே, கால்கள் எவ்வளவு உயரம், அடி மூடியைச் சாதாரணத் திருகாணி முனையால் கழற்ற முடியுமா. விமர்சனம் பார்ப்பதானால் ஒரே வேகச் சோதனையைப் பத்து முறை விடாமல் ஓட்டியவருடையதைப் பாருங்கள். முதல் ஓட்டத்தின் மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் பத்தாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.